ஐந்தாம் பாரத்து வெளிநடப்பு

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல், ஒரு நர்சம்மாவைப் பேசவிடாமல் அடித்ததுதான். அதற்காக ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. வாலிப சங்கத்தார் சபைக் கோயில் முற்றத்தில் என்னை நிறுத்திக் கைதட்டினார்கள். அப்பா தையல் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு ஒரு பொதி அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. சனியன், தொண்டையிலேயே நிற்கிறது.

எல்லைப் போராட்டம் மூண்டிருந்த வருஷங்கள் அவை. திருவிதாங்கூரின் தெற்குத் தாலூகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு, போலீஸ், அடி, ஜெயில். எங்கள் ஊர் பாறசாலைக்குக் கிழக்கே ஒரு வயல் கடந்தால் வரும். சந்தைப் பக்கத்தில் இருந்த அப்பாவின் கடையில்தான் கொடி தைப்பார்கள், பத்திரிகை வாசிப்பார்கள், சண்டையும் போடுவார்கள். கடைசியில் கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது, நாங்கள் கேரளத்தில் கிடந்தோம். அது பெரியவர்கள் எழுதவேண்டிய கதை. எனக்குத் தெரிந்தது வேறு.

அந்த நாட்களில் மலையாளம் பேசுவதே துரோகம் மாதிரி. வேடிக்கை என்னவென்றால், எங்கள் எல்லோருக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. சந்தையில் மீன் விலை பேசுவது மலையாளத்தில். பக்கத்து வீட்டுக்காரியோடு கோழிக்காக மல்லுக்கட்டுவதும் மலையாளத்தில். நல்ல வசவெல்லாம் எனக்கு அந்த மொழியில்தான் வரும். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாராவது மலையாளத்தில் எதையாவது சொன்னால், விளங்கவில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்போம். கடைக்கு வரும் அண்ணன்மார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நானும் அக்காவும் ஐந்தாம் பாரத்தில், இப்போதைய பத்தாம் வகுப்பில், ஒரே பெஞ்சு. அவள் எனக்கு இரண்டு வயது மூத்தவள். டைபாய்டு காய்ச்சலில் ஒரு வருஷம் போயிற்று, கணக்குப் பாடத்தில் இன்னொரு வருஷம் போயிற்று. அதனால் என்னோடு வந்து சேர்ந்துவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. வருகிற சித்திரையில் கல்யாணம் என்று நிச்சயமாகிவிட்டிருந்தது. மாப்பிள்ளை திருப்புறத்துக்காரர். பாலராமபுரத்துக் கைத்தறித் துணியைக் கட்டாகக் கட்டிக்கொண்டு கொல்லம், கொச்சி, அதற்கு மேலும் போய் விற்று வருகிறவர். நல்ல சபைக் குடும்பம், வெற்றிலை கூடப் போடமாட்டார் என்று சொன்னார்கள்.

எங்களுக்கு அப்போது உடம்பைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது, சுத்தமாக ஒன்றும் தெரியாது. எங்கள் சபை வீடுகளில் பெண் பெரியவளானால் சடங்கு கிடையாது. அது அஞ்ஞானப் பழக்கம் என்று மிஷன் காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். சடங்கு நடக்கிற வீட்டிலாவது நாலு மாமிமார் கூடி உட்கார்ந்து ஏதாவது கிசுகிசுப்பார்கள், பெண்பிள்ளை காதில் நாலு வார்த்தை விழும். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. எனக்கு முதன்முதலாக உதிரம் கண்ட அன்று, செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். அம்மா தேடிவந்து, பழைய வேட்டித் துணியை நாலாகக் கிழித்துக் கையில் தந்தாள்.

"மாசம் ஒருக்க வரும். ஆம்பளைகளுக்க கண்ணில படாம அலசிக் காயப்போடு. இனி ஆம்பளப் பயலுகளோட சாடிக் களிக்கப்பிடாது, கேட்டியா?"

ஏன் வரும், எதற்கு வரும், அதற்கும் ஆண்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம், ஒரு வார்த்தை கிடையாது. அக்காவைக் கேட்டேன். "எனக்கும் இதுதான் சொன்னா" என்றாள்.

அந்த ஐந்தாம் பாரத்தில்தான் ஒருநாள் மத்தியானம் அந்த நர்சம்மா வந்தார். சுகாதாரத்துறையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். வடக்கே எங்கோ பிறந்தவர், மலையாளம் மட்டும்தான் தெரியும். கக்கத்தில் இரண்டு சுருட்டிய படங்கள். பெரிய டீச்சர் எங்களை மட்டும் வகுப்பில் இருத்திவிட்டு, ஆண்பிள்ளைகளைப் பந்து விளையாட அனுப்பினார். பிறகு அவரும் மெல்லப் போய்விட்டார், அங்கே நிற்க அவருக்கே கூச்சம். நர்சம்மா கதவைத் தாழ் போட்டு, ஜன்னல்களையும் சாத்தினார்.

முதல் படத்தை ஆணியில் மாட்டி, மாதவிலக்கைப் பற்றிச் சொன்னார். துணியை வெயிலில் காயவைக்க வேண்டும், ஒளித்துப் போட்டால் ஈரத்தில் கிருமி பிடிக்கும் என்றார். எல்லாம் விளங்கிற்று. விளங்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். அக்கா மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாவது படத்தை விரித்தார். அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கல்யாணம் கழிந்தால் கணவனிடமிருந்து மனைவிக்குத் தொற்றக்கூடிய சில நோய்கள் உண்டு, அதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று மலையாளத்தில் தொடங்கினார்.

எனக்குக் காது இரண்டும் தீயாகிவிட்டது. அங்கே உட்காரவும் முடியவில்லை, அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் எழும்பியதில் தமிழ்ப்பற்று பாதிகூட இல்லை. வெட்கம்தான். எப்படியாவது அந்த அறையை விட்டு ஓடவேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தமிழ் எனக்கு வசதியாகக் கைகொடுத்தது.

"எங்களுக்கு மலையாளம் தெரியாது. தமிழில சொல்லணும்" என்றேன்.

நர்சம்மா திகைத்துப்போனார். "மோளே, இரி. இது நிங்ஙளுக்கு வேண்டிட்டாணு" என்றார். உங்களுக்காகத்தான் சொல்கிறேன், உட்கார் என்று அர்த்தம். அதை விளங்கிக்கொள்ள எந்த அகராதியும் வேண்டாம். நான் உரக்க, "தமிழ் வாழ்க" என்று கத்தினேன். பின்பெஞ்சுக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் என்னைப் போல ஓட ஒரு வழி வேண்டியிருந்தது போல. நான் தாழைத் திறந்தேன். பிள்ளைகள் சாரை சாரையாக வெளியே வந்தார்கள்.

அக்கா எழும்பவில்லை.

திரும்பிப் போய், "எழும்பு அக்கா" என்றேன்.

"எட்டி, நான் இதைக் கேட்டுட்டு வாறேன். நீ போ" என்றாள், நர்சம்மா முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எல்லாரும் பாக்குதாவ. மானத்த வாங்காதே!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைவிடப் பலசாலி, நினைத்திருந்தால் உதறியிருக்கலாம். ஆனால் வாசலில் நின்ற பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள், கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருத்தி சிரித்தாள். அக்காவின் முகம் சுண்டிவிட்டது. எழும்பி என்னோடு வந்தாள். நர்சம்மா படத்தைச் சுருட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்ததை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்.

"எட்டி, அந்த நர்ஸ் பின்ன என்னத்த சொல்லியிருப்பா?"

"அசிங்கம்தான். வேற என்ன?"

"இல்ல பிள்ளே. எனக்கு பேடியாட்டு இருக்கு. கல்யாணம் கழிஞ்சா என்ன செய்வாவன்னே எனக்கு தெரியாது. அம்மகிட்ட கேட்டேன். அவரு சொல்லுதத கேளு, அம்புடுதான்னா."

நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு மட்டும் தெரியுமா? சிரித்து மழுப்பிவிட்டேன். பயறு கருகுது என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

சித்திரையில் அக்கா திருப்புறம் போனாள். அத்தானைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாதுவான மனுஷர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குத் தண்ணீர் கோரிக் கொடுப்பார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல், "பிள்ளே, நல்லா படிக்கணும் கேட்டியா" என்பார். அக்காவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். மாசக்கணக்கில் அவர் ஊர் ஊராகப் போவது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

ஏழாம் மாசம் பிள்ளைப்பேற்றுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தோம். வந்த இரண்டாம் நாள் கிணற்றடியில் என் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணுக்குப் போனா மொளகு தேச்சது போல எரியுது பிள்ளே. துணியெல்லாம் மஞ்சளாட்டு படுது. கல்யாணம் கழிஞ்ச கொஞ்ச நாள்லேந்தே உண்டு. அடிவயத்துல நோவும் உண்டு."

எனக்கு வயது பதினேழு. அதைக் கேட்கவே கூசியது. "அம்மகிட்ட சொல்லு" என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

அம்மா கேட்டுவிட்டு, "சூடாக்கும். கல்யாணம் கழிஞ்சவளுக எல்லாவளுக்கும் உண்டு" என்றாள். எங்கள் ஊரில் எல்லாமே சூடுதான். கண் சிவந்தால் சூடு, வாய் புண்ணானால் சூடு, உதிரம் அதிகம் போனால் சூடு. ஆண்பிள்ளைக்கு அந்த இடத்தில் சீழ் வந்தாலும் சூடுதான், அது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அம்மா ஊறவைத்த வெந்தயம் கொடுத்தாள், பழங்கஞ்சி கொடுத்தாள், அப்பா தினம் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அக்கா மடக்கு மடக்கென்று குடிப்பாள். குடித்துவிட்டு, "இப்போ கொஞ்சம் கொறவு உண்டு" என்பாள். எங்கள் மனம் கோணக்கூடாது என்று சொன்னாளோ என்னவோ.

பெண் குழந்தை பிறந்தது. பேறு பார்க்கும் வயற்றாட்டி வந்து வீட்டிலேயே எடுத்தாள். நல்ல திடமான குழந்தை, தலை நிறைய முடி. மூன்றாம் நாள் காலையில் கண் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. வயற்றாட்டி தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சச் சொன்னாள். "பிறந்த பிள்ளைக்கு கண்ணு ஒட்டுதது உள்ளதாக்கும். பயப்படாதீங்க" என்றாள். பீச்சினோம். சாயங்காலம் இமையைத் துணியால் ஒற்றினால் மஞ்சளாகச் சீழ் வழிந்தது. ஒற்ற ஒற்ற வந்துகொண்டே இருந்தது. குழந்தை அழுத அழுகை இப்போதும் எனக்குக் கேட்கிறது, அது பசி அழுகை இல்லை.

அன்றைக்குப் பார்த்து தெற்கே எங்கோ போலீஸ் சுட்டுவிட்டது என்று செய்தி. ஊர் கொதித்தது. பஸ் இல்லை, கடை இல்லை. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். போலீஸ் வீடு வீடாக ஏறி ஆண்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவதாகப் பேச்சு. அப்பா கொடி தைத்தவர், தலைமறைவாக ரப்பர் தோட்டப் பக்கம் போயிருந்தார். அத்தான் கொச்சியில். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகளும் ஒரு குழந்தையும். அம்மா ஜெபம் பண்ணினாள். பால் பீச்சினாள். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். என்ன செய்வது, யாரிடம் போவது? மறுநாளும் அப்படியே போனது. இரண்டு நாள், கடவுளே, முழுசாக இரண்டு நாள்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் நான் மேலத்தெருக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மாட்டுவண்டியைக் கட்டச் சொன்னேன். வைக்கோலில் பாய் விரித்து அக்காவைப் படுக்கவைத்து, குழந்தையை அம்மா மடியில் வைத்து, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வெட்டிய மரத்துக்குப் பக்கத்தில் பையன்கள் வண்டியை மறித்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள்தான்.

"வண்டி போவாது. திருப்பு" என்றான் ஒருவன்.

"எலே, கண்ணு இல்லியா உனக்கு? பச்சப் பிள்ளையாக்கும் உள்ள கெடக்குது!" என்று கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். "இது நம்ம ஐந்தாம் பாரத்து அக்காவாக்கும். விடுங்கலே" என்றான். மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். ஒருவன் கைதட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையின் இமையை விரலால் பிரித்துப் பார்த்தார். இன்னொரு கண்ணையும் பார்த்தார். உடனே ஊசி, மருந்துத் துளி என்று ஓட்டமும் நடையுமாக எல்லாம் நடந்தது. அம்மாவிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். குழந்தையின் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்த நர்சு நிமிர்ந்தார். அவர்தான். அதே நர்சம்மா.

அவரும் என்னை அறிந்துகொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. வேலை முடிந்ததும் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "நீ படிச்ச குட்டி. உன்கிட்ட சொல்லணும்" என்றார். தமிழில். தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "நான் கொஞ்சம் தமிழ் படிச்சு. பக்கத்து வீட்டு அம்மா சொல்லித் தந்து. அந்த ஸ்கூலில் பின்னே ஒருக்க வரணும் என்னு."

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க மலையாளத்திலேயே சொல்லுங்க சேச்சி. எனக்கு நல்லாட்டு வெளங்கும்" என்றேன்.

சொன்னார். இது சூடு இல்லை. ஒரு கிருமி. ஆணிடமிருந்து பெண்ணுக்கு வரும், பெண்ணிடமிருந்து ஆணுக்கும் போகும். ஆணுக்குச் சீழ் கண்டு தெரியும், பெண்ணுக்குப் பலநேரம் ஒன்றுமே தெரியாது. தெரிந்தாலும் எரிச்சல், வெள்ளைப்படுதல் என்று விட்டுவிடுவார்கள். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் பட்டுவிடும். பேறுகாலத்துக்கு முன்பே தாய்க்கு ஊசி போட்டிருந்தால், பிறந்ததும் குழந்தைக்கு ஒரு சொட்டு மருந்து விட்டிருந்தால், இப்படி ஆகியிருக்காது. அவ்வளவு சின்னக் காரியம். கல்யாணம் பண்ணினால் இந்தச் சூடு தணிந்துவிடும் என்று ஆண்களிடம் நாட்டு வைத்தியர்கள் சொல்கிறார்கள், அதை நம்பி நல்லவர்கள்கூட மாலை மாற்றிவிடுகிறார்கள் என்றார்.

"உன் அக்காவுக்கு நாங்கள் ஊசி போடுகிறோம், குணமாகும். ஆனால் அவள் கணவனுக்கும் போடவேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து. முடிகிறவரை சேர்ந்து படுக்கக் கூடாது. அவருக்குப் போடாவிட்டால் இவளுக்குத் திரும்ப வரும். வந்துகொண்டே இருந்தால் கர்ப்பப்பை கெட்டுப்போகும், பிறகு பிள்ளையே நிற்காது. அவரிடம் சொல்லுவாய்தானே?"

சொல்லுவேன் என்றேன்.

குழந்தைக்கு வலது கண் போய்விட்டது. கருவிழி வெண்ணெய் போல வெளுத்துவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், அந்த நர்சம்மா யார் என்பது முதல் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே வாயில் அடித்தாள்.

"கல்யாணம் கழியாத பெண்ணுக்க வாயில வாற பேச்சா இது? மருமகன் கேட்டா என்ன நினைப்பாரு? அவளுக்க வாழ்வு என்ன ஆவும்?"

"சொல்லலேன்னாதான் அம்மா வாழ்வு போவும். சேச்சி சொன்னாவ—"

"எந்த சேச்சி? ஒருக்க கூட்டத்த கூட்டி வெரட்டினியே, அவளா? இப்போ அவ உனக்கு சேச்சி ஆயிட்டாளா?"

அம்மா வேதப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அக்காவிடம் இதைப் பேசமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். பேசினால் அவள் அவரோடு போகமாட்டாள், போகாமல் வீட்டில் இருந்தால் சபையில் யாருக்கு என்ன பதில் சொல்வது என்று அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தியம் பண்ணிவிட்டேன்.

அப்பா திரும்பி வந்ததும் அவரிடம் போனேன். அப்பாவிடம் பேசக் கூடாது என்று சத்தியம் இல்லையே. கொடி தைக்கிற மனுஷர், போலீசுக்குப் பயப்படாதவர், அவர் கேட்பார் என்று நம்பினேன். தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"மக்கா, மாப்பிளைகிட்ட மாமன் போய் இதக் கேக்க முடியுமா? நீயே சொல்லு."

"நீங்க கேக்கலேன்னா வேற ஆரு கேப்பாவ?"

அவர் மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

மிச்சம் நான்தான். அத்தான் வரும்வரை மூன்று மாசம் எனக்குள் ஒத்திகை பார்த்தேன். அத்தானிடம் எப்படித் தொடங்குவது, எந்த வார்த்தையைச் சொல்வது என்று ஆற்றுக்குப் போகும்போதும் வரும்போதும் முணுமுணுப்பேன். அந்த நோய்க்குத் தமிழில் எனக்குத் தெரிந்த பெயரெல்லாம் கெட்ட வார்த்தையாகவே இருந்தது. மலையாளத்தில் சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள்ளே சொல்லும்போது வந்தது.

அத்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். குழந்தைக்குப் பாலராமபுரத்து நேர்த்தியான துணி ஒன்று, சின்னச் சரிகைக் கரை வைத்தது, கொண்டு வந்திருந்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்தார். தோள் குலுங்க அழுதார். அவருக்கு எதுவும் தெரியாது என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. தெரிந்தே செய்தவர் அப்படி அழமாட்டார். எந்த நாட்டு வைத்தியரோ, சரியாகிவிட்டது போ என்று சொல்லி அனுப்பியிருப்பார், இவரும் நம்பியிருப்பார்.

அம்மா உள்ளே கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா உடுத்திக்கொண்டிருந்தாள். வாசலில் நானும் அவரும் மட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார்.

"பிள்ளே, நீதானே ஆஸ்பத்திரியில கூட இருந்தது? படிச்சவ. டாக்டர் என்ன சொன்னாரு? எதுனால வந்ததாம்?"

இதைவிட ஒரு மனுஷர் என்ன செய்வார்? கையில் கொண்டுவந்து தருகிறார். வெறும் நாலு வார்த்தை போதும். அத்தான், உங்களுக்கும் ஊசி போடணுமாம். அவ்வளவுதான். கோபப்பட்டிருக்கவும் மாட்டார், போட்டிருப்பார், சத்தியமாகப் போட்டிருப்பார். ஒரு வகுப்பையே கத்தி எழுப்பியவள் நான். காது இரண்டும் தீயாகிவிட்டது. அவருடைய காலடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சூடுன்னு சொன்னாரு" என்றேன்.

"சூடா" என்று அவர் தலையை ஆட்டினார். குழந்தையின் நெற்றியைத் தடவினார்.

பஸ் ஏற்றிவிட நான்தான் பாறசாலை முக்குவரை போனேன். அத்தான் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். ஊசி போட்டபிறகு அவள் முகம் தெளிந்திருந்தது, எரிச்சல் இல்லை, நோவு இல்லை, நன்றாக உறங்குகிறாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எட்டி, எனக்கு நல்லாட்டு சொகமாயிட்டு இல்லியா? இனி வராதுல்லா?"

"வராது அக்கா" என்றேன்.